காணாமல் போன வியாழக்கிழமை

என் நிச்சயதார்த்தத்தில் முதலில் உடைந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அடுத்து, திருமணத் தகவல் மையம் நடத்துகிறவரின் மூக்கு. அதற்கடுத்து என் அம்மாவின் உதடு. செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஹால். வெளியே வெள்ளைக்காரர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்; உள்ளே நாங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தோம். பஜ்ஜி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுக்கும் காரணம் ஓர் எக்செல் ஃபைலை ஒரு சாஃப்ட்வேருக்குள் ஏற்றிய விதம்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நான் நம்புவேன். எனக்கு அதுதான் தொழில்.

திருவண்ணாமலையில் கடைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விற்பது முதலாளி. விற்ற பிறகு கடைக்குப் போய், அவர்களிடம் பழைய கம்ப்யூட்டரிலும் நோட்டிலும் கிடப்பதை எல்லாம் புதியதற்குள் ஏற்றிக் கொடுப்பது நான். உரக்கடை, பாத்திரக்கடை, லாட்ஜ், அரிசி மண்டி என்று இந்த ஊரில் நான் ஏறாத படி இல்லை. கேட்க லேசான வேலையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரவேண்டும் என்று சாஃப்ட்வேருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தேதிக் கட்டத்தில் தேதிதான் வரவேண்டும், எண் கட்டத்தில் எண்தான். நம் ஆட்களோ எடைக் கட்டத்தில் "ரெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி" என்று எழுதி வைத்திருப்பார்கள். தேதிக் கட்டத்தில் "தீபத்துக்கு முந்தின வாரம்" என்று இருக்கும். சாஃப்ட்வேர் அந்த வரியைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பும். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கத்துவார். நானும் கத்துவேன்.

அந்தச் சிவப்புக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். பிழைகளை விட்டுவிட்டு மேலே போகலாமா என்று கேட்கும். இந்த உலகத்தில் நான் அதிகம் வெறுப்பது அந்தப் பொத்தானைத்தான். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதை அமுக்கிவிடுவார்கள். ஓர் உரக்கடையில் அப்படி அமுக்கியவரின் கண் முன்னாலேயே கீபோர்டைத் தூக்கித் தரையில் அடித்திருக்கிறேன். எழுத்துகள் எல்லாம் யூரியா மூட்டைக்கடியில் சிதறின. முதலாளி என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை, ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

சிவப்பு போய்விட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். அதுதான் பெரிய முட்டாள்தனம். தேதி, தேதி மாதிரி இருக்கிறதா என்று மட்டும்தான் சாஃப்ட்வேர் பார்க்கும். அது உண்மையிலேயே அந்த நாள்தானா என்று அதற்குத் தெரியாது. அந்த நாளில் இருந்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

என் கோபம் அப்பா வழியில் வந்தது. அவர் லாரி ஓட்டினவர். எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்ததில்லை. சாப்பாட்டுத் தட்டு எல்லாமே ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், பறந்து போய்ச் சுவரில் மோதியவை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் தட்டு பறக்கும். செய்தியில் ஏதோ பிடிக்கவில்லை என்றால் ரிமோட் பறக்கும். சில நாள் கை பறக்கும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டை எடுத்துக் கழுவி, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சோறு போடுவாள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம்தான் அதிகம். திருப்பி ஒன்று வைக்கவேண்டியதுதானே என்று நினைப்பேன்.

அந்த வீட்டை விட்டுப் போகவேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அதற்குக் குறுக்கே நின்றது என் நட்சத்திரம்.

நான் பூராடம். பூராடத்துப் பெண்ணுக்குப் புருஷன் நிலைக்கமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் கீபோர்டால் அடிப்பேன். ஆண் எந்த நட்சத்திரத்தில் பிறந்தாலும் அவனால் ஒருவரும் சாவதில்லை. பெண் பிறந்தால் மட்டும் அவள் ஒருத்தரைக் கொன்றே ஆகவேண்டும். மூலத்தில் பிறந்தவள் மாமனாரைக் கொல்வாள், பூராடத்தில் பிறந்தவள் புருஷனையே கொல்வாள். முப்பது தாண்டும்வரை வந்த வரன் எல்லாம் நட்சத்திரத்தைக் கேட்டதும் போன் எடுப்பதை நிறுத்திவிடும். போகப்போக எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். "அந்த விஷயம்" என்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்கிறவர்களாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

தேரடி வீதிக்குப் பக்கத்தில் மாடியில் ஒருவர் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். என் விவரமும் அவரிடம் வெகுநாளாகக் கிடந்தது. அவர் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் கட்டம் போட்டு, நட்சத்திரம் சொல்லி, பொருந்தும் வரன்களைத் தானாகவே எடுத்துக் கொடுக்குமாம். விவரங்களை நான் ஏற்றித் தருகிறேன் என்று வழியில் பார்த்தபோது சொன்னேன்.

"வேணாம்மா, யூடியூப்ல வீடியோ இருக்குது. நானே பண்ணிக்கிறேன்" என்றார்.

பண்ணிக்கொண்டார். கொஞ்ச நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. போளூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. அப்பா இல்லை, அம்மா மட்டும். "அந்த விஷயத்தைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் இல்லையாம், அவங்க ஜோசியரும் பார்த்துட்டாராம்" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

மாப்பிள்ளையிடம் போனில் பேசினேன். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசுகிற மனிதர் அவர். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை நான் ஏதோ கோபத்தில் கத்தியபோது, "சரி, நீங்க கத்தி முடிங்க, நான் இந்த ஸ்க்ரூவ மட்டும் போட்டுக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு பறக்காத ஒரு வீட்டில், குரலை ஏற்றாத ஒருவரோடு, நசுங்காத தட்டில் சாப்பிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன். இதைவிடப் பெரிய கனவு எனக்கு வரவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று தாம்பாளங்கள் எல்லாம் வைத்தாயிற்று. ஐயர் சங்கல்பம் செய்ய இருவருடைய நட்சத்திரத்தையும் கேட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் மாப்பிள்ளையுடையதைச் சொன்னார். எங்கள் பக்கம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு பூராடம், தனுசு ராசி" என்றார்.

"இன்னாது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பூராடம்."

"ஜாதகத் தாள்ல மூலம்னு தானே இருந்துச்சு?"

"யாரு சொன்னது மூலம்னு?"

அந்த அம்மா எழுந்துவிட்டார். உட்கார்ந்திருந்தவரை அமைதியான பெண்மணி. எழுந்த பிறகு ஆளே வேறாகிவிட்டார். "மூலம்னாங்க, மாமனாருக்குத்தான் ஆகாது, எங்க வீட்ல அவரு இல்ல, சரின்னு ஒத்துக்கிட்டேன். இப்போ பூராடம்ங்கறீங்க. எம் புள்ளைய சாகடிக்கப் பார்த்தீங்களா? இருக்கறது ஒத்தப் புள்ள எனக்கு!"

மாமனார் இல்லாத வீடாகப் பார்த்து மூலத்துப் பெண்ணைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது, அவர்கள் சம்மதித்தது வேறு ஏதோ ஒரு பெண்ணுக்கு. இரண்டு பக்கமும் மரியாதைக்காக அந்தப் பெயரை வாயில் சொல்லாமலே "அந்த விஷயம்", "அந்த விஷயம்" என்று பேசிப் பேசி மேடை வரைக்கும் வந்துவிட்டிருந்தோம்.

"மறைச்சு பொண்ணு குடுக்கறியா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அது தப்பு. அப்பாவின் சட்டையை யாரும் பிடிக்கக்கூடாது. அப்பா அவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். அவர் போய் விழுந்ததில் நாற்காலி இரண்டாகப் போயிற்று. பிறகு அப்பாவின் கண் ஒரு மூலையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மையக்காரர் மேல் விழுந்தது. "நீதான்டா!" என்று போய் ஒரு குத்து விட்டார். ரத்தம் கேசரியில் சொட்டியது. தாய்மாமன் எழுந்து வந்து பின்னாலிருந்து அப்பாவின் கழுத்தில் கை போட்டார். இருவரும் தாம்பாளங்கள் மேலேயே உருண்டார்கள். தேங்காய்கள் உருண்டன, ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

விலக்கிவிடப் போனது அம்மாதான். வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்று. அந்த நேரம் மாப்பிள்ளையின் அம்மா தரையில் கிடந்த ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து வீசினார். யார் மேல் வீசினாரோ தெரியாது. அது அம்மாவின் வாயில் விழுந்தது.

நான் பட்டுப்புடவையில் இருந்தேன். அதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. பித்தளைச் சொம்பு கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்தத் தாய்மாமனின் முதுகில் நாலு போடு போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இத்தனை வருஷமாகப் போன் எடுக்காமல் போனவர்கள் எல்லார் முதுகும் அந்த ஒரே முதுகில் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் மாலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரையும் அடிக்கவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை.

மையக்காரர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் செல்போனைத் தூக்கிக் காட்டி, "ஐயோ நான் ஒண்ணும் மறைக்கலீங்க! பாருங்க, கம்ப்யூட்டரே மூலம்னுதாங்க சொல்லுது!" என்று அலறினார். நான் சொம்போடு போய் அந்தப் போனைப் பிடுங்கினேன்.

என் பெயர் போட்ட தாள். நட்சத்திரம் மூலம். பிறந்த நேரம் 02:20. பிறந்த தேதிக்கு நேரே வியாழக்கிழமையின் தேதி. பார்த்ததும் புரிந்துவிட்டது. இதே மாதிரி எத்தனை லாட்ஜ் கணக்கில் பார்த்திருக்கிறேன்.

"நோட்டுல எப்படி எழுதியிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"உங்கம்மா குடுத்த மாதிரிதாம்மா. வியாழக்கிழமை, இரவு ரெண்டு இருவது."

"அந்த 'இரவு' எங்க போச்சு?"

"அது இருந்தா செவப்பு செவப்பா வந்துச்சும்மா. நேரக் கட்டத்துல எழுத்து வரக்கூடாதுன்னுச்சு. அதான் எல்லாத்துலயும் அந்த வார்த்தைய எடுத்துட்டேன்."

"நட்சத்திரம் தனியா எழுதியிருக்குமே?"

"அதுவும் செவப்பு. ஒண்ணுல பூராடம்னு இருக்குது, ஒண்ணுல பூராட, ஒண்ணுல இங்கிலீஷ்ல. அந்தக் கட்டத்த விட்டுட்டா தானே கண்டுபிடிச்சுக்கும்னு போட்டிருந்துச்சு. விட்டுட்டு மேல போகலாமான்னு கேட்டுச்சு. அமுக்கிட்டேன்."

அமுக்கிவிட்டார். அந்தப் பொத்தான்.

ஹாலில் இருந்தவர்களுக்கு நான் சொன்னேன், மேடை மேல் நின்று, மூச்சு வாங்க வாங்க. நமக்கு நாள் என்பது விடிந்தால்தான் மாறும். நடுச்சாமம் தாண்டி இரண்டு இருபதுக்குப் பிறந்தாலும் நாம் அதை வியாழன் இரவு என்றுதான் எழுதுவோம், விடிந்தால் வெள்ளி என்போம். கம்ப்யூட்டருக்கோ பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடும். வியாழக்கிழமை இரண்டு இருபது என்று கொடுத்தால் அது வியாழக்கிழமை விடியாத நேரத்தை எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது புதன் இரவு. ஒரு முழு வியாழக்கிழமையை அது விழுங்கிவிட்டது. ஒரு நாள்தான் பிசகியது என்பதால் ராசி அதேதான், நட்சத்திரம் மட்டும் பூராடத்துக்கு முந்தியதான மூலமாகிவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

சொல்லி முடித்தபோது அடிதடி நின்றிருந்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாய்மாமன் தரையில் உட்கார்ந்தபடியே முதுகைத் தடவிக்கொண்டு யோசித்தார். நல்ல மூளை அவருக்கு.

"அக்கா, ஜோசியருக்குக் காட்டுனது அந்தத் தாளு. அதுல மூலம்னுதான் இருக்குது. பத்திரிக்கையிலயும் அதையே போட்டுக்கலாம். அவரும் என்ன அடிச்சாரு, நானும் அவர அடிச்சேன், பொண்ணும் அடிச்சிருச்சு. சரியாப் போச்சு. வெளிய யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

நான் கண்டிராத ஒரு நிம்மதி அந்த ஹாலில் பரவியது. அப்பா வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டார். ஐயர் ஜன்னலை விட்டு வந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "எதுவா இருந்தா என்னங்க, மூலம்னே இருந்துட்டுப் போவட்டும்" என்றார் மெதுவாக. நாள்பூரா பொய்யான தேதிகளோடு சண்டை போடுகிற நான், என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பிழையை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உட்காரவில்லை. "தாள்ல இருக்கறது எனக்கு வேணாம். பெத்தவ சொல்லட்டும். கற்பூரத்தைத் தொட்டு, புதன்கிழமை ராத்திரின்னு அவங்க வாயால சொன்னா எனக்குப் போதும். நான் ஒத்துக்கறேன்" என்றார். அவருக்கும் இந்தக் கல்யாணம் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. பொய்யாவது யாராவது சொல்லி அவருடைய பயத்தைத் தீர்த்துவைக்கவேண்டும்.

ஐயர் கற்பூரம் ஏற்றினார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நனைந்து சிவந்திருந்தது. ஒரே ஒரு வார்த்தை. என்னை இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்ப என்னைவிட அதிகம் தவித்தவள் அவள்தான். கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"சொல்லுடி, புதன் ராத்திரின்னு" என்றார் அப்பா.

அம்மா எழுந்து வந்தாள். கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டினாள்.

"வியாழக்கிழம ராத்திரி" என்றாள்.

"ஏய்!"

"வியாழக்கிழம ராத்திரி. புதன்கிழம ராத்திரி இவ வயித்துலதான் இருந்தா. அன்னிக்கு இவரு என்ன எட்டி ஒதச்சாரு, வயித்துலயே." உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேச வந்தது, ஆனால் ஒரு வார்த்தையும் விடவில்லை. "வியாழக்கிழம பூரா ரத்தம் போச்சு. பெரியாஸ்பத்திரியில கெடந்தேன். காலைல இருந்து புள்ள அசையவே இல்ல. செத்துப்போச்சுன்னு பக்கத்துக் கட்டில்காரங்க பேசிக்கிட்டாங்க, என் காதுபடவே. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இவ அழுதா. அந்த வியாழக்கிழமதான் நான் இவளப் பெத்தேன். அப்படி ஒரு நாளே இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

கற்பூரம் எரிந்து அணைந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு இது தெரியாது. அங்கே அப்பாவைத் தவிர யாருக்குமே தெரியாது. அப்பாவைப் பார்த்தேன். "ஏய்" என்று அதட்டியபோது ஓங்கிய கை பாதியில் நின்றிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன். அப்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். சொம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. அப்பாவின் கையைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிச் சுருங்குமோ, அப்படியே சுருங்கியது.

சொம்பைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அவர் பின்னாலேயே எல்லாரும் போனார்கள். மாப்பிள்ளை மாலைப் பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார், பத்திரமாக.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கத்தினேன். ஒரு வார்த்தைக்கு என் வாழ்க்கையே போயிற்று, அவர் எவ்வளவு நல்லவர், குரலே உயர்த்தமாட்டார் என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவருதான். அவங்கம்மா தட்டு வீசறப்போ பையப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. தட்டு பறக்கற வீட்ல இருந்து தட்டு பறக்கற வீட்டுக்கு எதுக்குடி போற? அதுக்குப் பொய் சத்தியம் வேறயா?" என்றாள்.

அப்பா திண்டாடிப் போனார். அன்று சாப்பாட்டுக்கு அவரே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா பாயை எடுத்து வந்து என் அறையில் விரித்தாள். அதற்குப் பிறகு அது அங்கேயேதான் இருக்கிறது. உப்பு ஜாஸ்தியானால் இப்போது தட்டு பறப்பதில்லை. ஒரு கோபம் அவர் முகத்தில் ஏறும், அம்மா நிமிர்ந்து பார்ப்பாள், அவர் மோரை ஊற்றிக்கொள்வார். இதை மன்னிப்பு என்று யாரும் சொல்லவேண்டாம். நான் அவரிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

மையக்காரர் மூக்கில் பிளாஸ்டரோடு என் அலுவலகத்துக்கே வந்து நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் எத்தன பொண்ணுங்களுக்கு மாறியிருக்குதோ தெரியலம்மா" என்றார். திட்டி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பெண்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். எவளோ ஒருத்தி, எந்த ஊரிலோ, தன் பிறந்த நாளே தன்னிடமிருந்து போய்விட்டது தெரியாமல் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருப்பாள். போய் உட்கார்ந்தேன்.

நோட்டையும் சாஃப்ட்வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தோம். "இரவு" என்ற வார்த்தையை அவர் எடுத்தது ஒரு கூத்தா? இரவு ஒன்பதரைக்குப் பிறந்தவர்கள் எல்லாம் காலை ஒன்பதரைக்குப் பிறந்துவிட்டிருந்தார்கள். நடுச்சாமத்துக்கு மேல் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் மூத்துவிட்டிருந்தார்கள். ஒரு வரிகூடச் சிவப்பாக இல்லை. எல்லாம் தேதி மாதிரியே இருந்தன, நேரம் மாதிரியே இருந்தன. முதல் பத்து வரியைப் பார்த்து முடிப்பதற்குள் நான் மேஜையைக் குத்தினேன். அவர் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இரவில் முற்பகுதி என்றால் பன்னிரண்டு மணி நேரம் கூட்டவேண்டும், நடுச்சாமம் தாண்டி விடியாத நேரம் என்றால் ஒரு நாள் கூட்டவேண்டும், சந்தேகம் இருந்தால் எதையும் கூட்டாமல் வீட்டுக்குப் போன் செய்து பெற்றவளைக் கேட்கவேண்டும். இதுதான் நான் போட்ட விதி. அவர் போன் செய்தார். பல அம்மாக்கள் தேதியைச் சொல்லவில்லை. மழை பெய்த ராத்திரி, கரண்ட் இல்லாத ராத்திரி, தீபத்துக்கு மறுநாள் ராத்திரி என்று சொன்னார்கள். அதையெல்லாம் தேதியாக்குவது என் வேலை. முதன்முறையாக எனக்கு அதில் கோபம் வரவில்லை.

என் வரியையும் திருத்தினேன். வெள்ளிக்கிழமையின் தேதி, 02:20. சாஃப்ட்வேர் கட்டத்தை மாற்றிப் போட்டுப் பூராடம் என்று காட்டியது. வீட்டில் போய்ச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமன்னா போட்ட?" என்றாள் அம்மா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொன்னாத்தாம்மா சரியாப் புரியும்."

"அப்போ அதுலயும் வியாழக்கிழம இல்ல."

நான் விளக்க வாயெடுத்தேன். பன்னிரண்டு மணி, நாள் மாறுவது, எல்லாவற்றையும். அவள் மறுபடி கீரையை ஆயத் தொடங்கிவிட்டாள். அவள் கேட்டது கணக்கு அல்ல.

மறுநாள் வேலை முடிந்ததும் மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். மையக்காரர் பயந்து எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். என் வரியைத் திறந்தேன். தேதிக் கட்டம் தேதியைத்தான் வாங்கும், நேரக் கட்டம் நேரத்தைத்தான். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு எந்த விதியும் கிடையாது, எழுதுவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். வேலையில் நான் மதிக்காத கட்டம் அது. கடைக்காரர்கள் அதில் குப்பையைக் கொட்டிவைப்பார்கள்.

அதில் தட்டினேன்: "வியாழன் இரவு. வியாழன் பகல் முழுவதும் தாய்க்கு வலி."

சேமிக்கச் சொன்னேன். சிவப்பு வரவில்லை.